இன்னொரு குடிகாரர் வேண்டும்

நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் ஓரமாக டவுன்ஸ் மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. கையில் காசுள்ள குடிகாரர்கள் வந்து படுத்து, போதை முழுக்க இறங்கியதும் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிற இடம். 1934 டிசம்பர் 11 அன்று பில் வில்சன் அங்கே நான்காவது முறையாக வந்து சேர்ந்தார், கையில் பீர் பாட்டிலோடு. பங்குச்சந்தை ஆய்வாளர், 1929 வீழ்ச்சிக்கு முன்னால் நிறையச் சம்பாதித்தவர். இப்போது மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் கொண்டுவரும் சம்பளத்தில் குடித்தனம் நடந்தது. முந்தைய மூன்று முறையும் மருத்துவமனை அவரைத் தெளியவைத்துத்தான் அனுப்பியது. தெளிந்த பிறகு வருகிற நாட்களை எப்படிக் கடப்பது என்பதற்குத்தான் அங்கே வைத்தியம் இல்லை.

அந்த இல்லாத வைத்தியம் பிறந்த கதை இது. இன்று உலகம் முழுக்க 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏஏ, என்று அறியப்படும் தோழமை அமைப்பின் கதை. பலரும் அதை ஒரு குடி நிறுத்தும் முறை என்று நினைக்கிறார்கள். குடியை நிறுத்துவது அதில் சின்னப் பகுதிதான். நிறுத்தியவர் நிறுத்தியபடியே பத்து வருடம், முப்பது வருடம் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதைக் கண்டுபிடித்தவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கவில்லை; தம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

டவுன்ஸ் மருத்துவமனையின் டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், குடி ஒரு நோய் என்று நம்பியவர். இவர்களுடைய உடம்புக்குச் சாராயம் ஒவ்வாது, ஆனால் மனம் அதையே பிடித்துக்கொண்டு விடாது, இரண்டும் சேர்ந்தால் மனவுறுதியால் மட்டும் தப்ப முடியாது என்பது அவர் கருத்து. ஒவ்வாமை என்பதை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் குடிகாரரை ஒழுக்கம் கெட்டவர் என்று எல்லோரும் ஒதுக்கிய காலத்தில், 'நீங்கள் நோயாளி, உங்கள் நோய் கொல்லக்கூடியது' என்று உட்கார வைத்துச் சொன்ன மருத்துவர் அவர். இந்தக் கதையில் அவர் பங்கு இன்னும் இருக்கிறது.

பில் நான்காவது முறை வந்து சேர்வதற்குச் சில வாரம் முன்பு, புரூக்ளின் வீட்டுக்குப் பழைய நண்பர் எபி தாச்சர் வந்திருந்தார். இருவரும் சேர்ந்து குடித்தவர்கள். பில் மேசையில் ஜின்னையும் அன்னாசிச் சாற்றையும் வைத்திருந்தார். எபி வேண்டாம் என்றார். அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருந்தது. ரோலண்ட் ஹாசர்ட் என்ற செல்வந்தர் குடியிலிருந்து மீள சுவிட்சர்லாந்து வரை போய், உளவியல் மேதை கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றார். மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, மருத்துவத்தால் இனி ஆவதில்லை, ஆழ்ந்த ஆன்மிக மாற்றம் எதுவும் நேர்ந்தால்தான் உண்டு என்று யுங் சொல்லிவிட்டார். ஹாசர்ட் 'ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து மீண்டார். குடித்துக் கலாட்டா செய்து வெர்மான்ட் மாநிலத்தில் கோர்ட்டில் நின்ற எபியை 1934-இல் அவரும் நண்பர்களும் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இயக்கத்தின் செய்தியையே எபி பில்லிடம் கொண்டுவந்தார்.

டவுன்ஸ் மருத்துவமனைப் படுக்கையில் பில்லுக்கு ஒரு பேரொளி அனுபவம் வாய்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வந்த ஐந்து மாதங்கள். மருத்துவமனையிலிருந்து வந்தவர் பார்த்த குடிகாரர்களையெல்லாம் பிடித்துப் பிரசங்கம் செய்தார். வீட்டுக்கே கூட்டிவந்து தங்கவைத்தார். ஒருவர்கூடக் குடியை விடவில்லை. மனம் சோர்ந்தபோது லோயிஸ்தான் எடுத்துச் சொன்னார்: அவர்கள் தெளியாவிட்டால் என்ன, நீங்கள் இன்னும் குடிக்கவில்லையே. சில்க்வொர்த்தும் கூப்பிட்டுச் சொன்னார்: ஒளி கண்ட கதையை முதலில் எடுக்காதே, இந்த நோய் என்ன செய்யும் என்பதை முதலில் சொல், உன் கதையைச் சொல். இந்த இரண்டு யோசனைகளும் இல்லாமல் ஏஏ பிறந்திருக்காது. ஒன்றைச் சொன்னவர் மருத்துவர். மற்றொன்றைச் சொன்னவர் பதினேழு வருடம் ஒரு குடிகாரரோடு வாழ்ந்த மனைவி.

1935 மே மாதம் பில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். டயர் தொழிற்சாலைகளின் ஊர். ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டியில் ஒரு தரப்புக்காக வேலை பார்க்கப் போனவர். அந்தப் போட்டியில் தோற்றுப்போனார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஹோட்டல் பாக்கியைக் கட்டப் பணம் போதாது. ஒரு கோடியில் பார்; உள்ளே சிரிப்பும் பேச்சும். ஐந்து மாதம் குடிக்காமல் இருந்தவருக்கு, ஒரு இஞ்சிச் சோடா வாங்கிக்கொண்டு உள்ளே போய் யாரிடமாவது பேசலாமே என்று தோன்றியது. அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உடனே புரிந்து நடுங்கினார்.

அந்த நிமிடத்தில்தான் அதுவரை தெரியாத ஒன்று அவருக்குத் தெளிவானது. இத்தனை நாள் மற்றவர்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று அலைந்ததுதான் அவரைக் காப்பாற்றியிருந்தது. இப்போது பேச ஒரு குடிகாரர் உடனே தேவை, அந்தக் குடிகாரருக்காக அல்ல, தனக்காக.

கூடத்தின் மறுபக்கம் ஊர் தேவாலயங்களின் பட்டியல் தொங்கியது, பக்கத்தில் தொலைபேசி. வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாருக்குப் போன் போட்டார். அவர் கொடுத்த பெயர்களில் ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டு, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவரின் மருமகள். ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்பைச் சேர்ந்தவர். முன்பின் தெரியாத ஒரு ஆண் போனில் வந்து, நான் நியூயார்க்கிலிருந்து வந்த குடிகாரன், குடிக்காமலிருக்க இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்கிறார். நம் ஊரில் எத்தனை வீடுகளில் அந்தப் போனை உடனே வைத்திருப்பார்கள்! ஹென்ரியெட்டா வைக்கவில்லை. தன் வட்டத்தில் ஒரு மருத்துவர் குடியில் அழிந்துகொண்டிருந்தார். அவருக்காக எல்லோரும் சேர்ந்து வாரக்கணக்கில் பிரார்த்தனை செய்துவந்தார்கள். அந்தப் பிரார்த்தனைக்கு வந்த பதில் இதுதான் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மருத்துவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர், வயது ஐம்பத்தைந்து. ஹென்ரியெட்டா போன் செய்தபோது அவருடைய மனைவி ஆன், இன்று வர இயலாது என்றார். மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்த டாக்டர், அதை மேசைமேல் வைத்துவிட்டு நினைவில்லாமல் விழுந்து கிடந்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு டாக்டரும் ஆனும் ஹென்ரியெட்டா வீட்டுக்கு வந்தார்கள். டாக்டருக்குக் கை கால் நடுக்கம், சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து நிமிடம் இருப்பேன், அவ்வளவுதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் படியேறினார். ஹென்ரியெட்டா இருவரையும் நூலக அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். அவர்கள் வெளியே வந்தபோது இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது.

டாக்டர் பாப்புக்கு அறிவுரை புதிதல்ல. இரண்டரை வருடமாக அதே ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்பில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்துகொண்டே குடித்தவர். குடி உடம்பை என்ன செய்யும் என்று பில்லைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இரவில் புதிதாக இருந்தது, எதிரே உட்கார்ந்தவர் அவரைத் திருத்த வரவில்லை என்பது. பில் தன் கதையைச் சொன்னார்: ஒளித்து வைத்த பாட்டில்கள், உடைந்த சத்தியங்கள், காலை நடுக்கம். கேட்டதற்கு நன்றியும் சொன்னார். பட்டு அறிந்த ஒருவர் தன்னோடு பேசியது அதுதான் முதல் முறை என்று டாக்டர் பாப் பிற்பாடு எழுதினார். மருத்துவர், பாதிரியார், மனைவி என்று எல்லோரும் பேசித் தீர்ந்துபோன பிறகு, தன் மொழியைப் பேசுகிற ஒருவர் வந்திருக்கிறார்.

பில் ஊர் திரும்பவில்லை. ஆர்ட்மோர் அவென்யூவில் இருந்த டாக்டர் வீட்டிலேயே தங்கினார். கதை அங்கேயே சுபமாக முடிந்துவிடவில்லை. சில வாரத்தில் மருத்துவர்களின் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போன டாக்டர் பாப் ரயிலிலேயே குடிக்க ஆரம்பித்து, நிலை தெரியாமல் திரும்பி வந்தார். பில்லும் ஆனும் மூன்று நாள் பக்கத்திலிருந்து, தக்காளியும் புளித்த முட்டைக்கோசும் சோளப்பாகும் கொடுத்துத் தெளியவைத்தார்கள். அவர் ஒரு நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டியிருந்தது. அன்று காலை கை நடுக்கம் நிற்க பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்து மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். அறுவை நல்லபடி முடிந்தது. டாக்டர் வெகுநேரம் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருவரும் பதறினார்கள். இவ்வளவு காலம் ஒளிந்து வாழ்ந்தவர், தான் ஏமாற்றியவர்கள், கடன்பட்டவர்கள் என்று ஒவ்வொருவர் வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த பீர்தான் கடைசி. ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10 அந்த நாள்.

மீண்டும் குடித்துவிட்டவரை இவர்கள் துரத்தவில்லை, கதை முடிந்தது என்றும் எழுதவில்லை. பிறந்தபோதே சறுக்கலுக்கு இடம் வைத்துப் பிறந்த அமைப்பு இது. டாக்டர் பாப்புக்குக் குடிக்கும் வேட்கை அதற்கப்புறமும் இரண்டரை வருடம் போகவில்லை. ஆனாலும் சாகும்வரை, பதினைந்து வருடம், குடிக்கவில்லை.

இருவரும் உடனே மூன்றாமவரைத் தேடினார்கள். ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போன் செய்து, குடிகார நோயாளி யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார். இரண்டு நர்சுகளை அடித்ததால் கட்டிலோடு கட்டிப்போட்ட வக்கீல் ஒருவர் இருப்பதாகப் பதில் வந்தது. போய் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். தன்னால் இனி முடியாது என்று சொன்ன அந்த வக்கீல் ஜூலை 4 அன்று நடந்து வெளியே வந்தார், பிறகு குடிக்கவேயில்லை. மூன்று பேர் ஆனதும் அது இருவரின் நட்பு என்பதைத் தாண்டிவிட்டது. ஆன் ஸ்மித்தின் சமையலறையில் காபி கொதித்துக்கொண்டே இருக்கும். யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். 1937 கடைசியில் ஆக்ரனையும் நியூயார்க்கையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, குடியை விட்டு நிலைத்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள்.

பணத்துக்காகப் பெருஞ்செல்வர் ராக்ஃபெல்லர் ஜூனியரை அணுகினார்கள். 1938-இல் அவர் 5,000 டாலர் கொடுத்தார், அதற்கு மேல் தர மறுத்தார். பணம் இதைக் கெடுத்துவிடும் என்றார். அப்போது வருத்தமாக இருந்திருக்கும். பெரும் தொகை கொடுத்திருந்தால் கட்டடம், சம்பள ஊழியர்கள், தலைவர் பதவிச் சண்டை எல்லாம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பின்னாளில் வெளியார் நன்கொடை எதையும் வாங்குவதில்லை என்பதையே ஏஏ கொள்கையாக்கியது. கூட்டத்தில் தட்டு சுற்றிவரும்; உறுப்பினர்கள் போடுவதுதான் வருமானம்.

1939 ஏப்ரலில் வெளிவந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற புத்தகம்தான் இயக்கத்துக்கே பெயர் கொடுத்தது. குடியிலிருந்து மீள்வதற்காக பில் எழுதிய பன்னிரண்டு படிகள் அதில் இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் விடாமல் வாதாடியதால், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று வாசகம் தளர்ந்தது. அந்தத் தளர்வு இல்லாமல் இது பிற மதங்களுக்குள்ளும் பிற நாடுகளுக்குள்ளும் நுழைந்திருக்காது.

நீடித்த துணை என்பதன் உண்மையான வடிவம் புத்தகத்தில் வரவில்லை. ஆக்ரனிலும் கிளீவ்லாந்திலும் நடைமுறையில் வந்தது. ஆக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்தவர் சிஸ்டர் இக்னேஷியா. அயர்லாந்தில் பிறந்தவர், முன்பு இசை ஆசிரியை, ஒல்லியான உருவம். குடிகாரர்களைச் சேர்க்க மருத்துவமனைகள் மறுத்த அந்தக் காலத்தில், 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு நோயாளியை 'கடும் வயிற்றழற்சி' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். மற்றவர் கண்ணில் படாமல் பேச வேண்டுமே என்று, பூச்சாடிகளை ஒழுங்குபடுத்தும் சிறு அறைக்குள் அந்தக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு தனி வார்டே வந்தது. தினமும் ஏஏ ஆட்கள் வந்து தங்கள் கதையைச் சொல்லிப் போவார்கள். போன மாதம் இதே வார்டில் கிடந்தவர் இப்போது கோட்டு சூட்டோடு வந்து நிற்பதை நோயாளி பார்ப்பார். டாக்டர் பாப்பும் சிஸ்டரும் சேர்ந்து ஐயாயிரம் பேருக்குப் பக்கம் பார்த்ததாக ஏஏ பதிவுகள் சொல்கின்றன. அந்தச் சிகிச்சைக்கு டாக்டர் காசு வாங்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் சிஸ்டர் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். ஒரே நிபந்தனை: மறுபடி குடிப்பதென்று முடிவு செய்தால், முதல் மிடறுக்கு முன் இதை என்னிடம் நேரில் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் எத்தனை கூர்மையான புரிதல்! வேட்கை எழுந்து அடங்குவதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதும்; கிளம்பி, பேருந்து ஏறி, ஒரு கன்னியாஸ்திரியின் முகத்தைப் பார்த்து நீட்ட வேண்டும் என்ற வேலை அந்த நிமிடங்களைத் தருகிறது. இன்று ஒரு மாதம், ஒரு வருடம் என்று கூட்டங்களில் கொடுக்கும் நாணயங்களுக்கு முன்னோடியாகப் பலர் சொல்வது இதைத்தான்.

கிளீவ்லாந்தில் வேறொரு நெருக்கடி. 1939 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தொடர்கட்டுரை வெளியிட, நூற்றுக்கணக்கானோர் உதவி கேட்டார்கள். இருந்ததோ கொஞ்சம் பேர். சில வாரம் முன்னால் குடியை விட்டவர்கூட ஒரு புதியவருக்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஆள் துணை என்ற 'ஸ்பான்சர்' முறை அங்கே அப்படி வேர் பிடித்தது. நடு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் நின்று போன் செய்யலாம். எடுக்கிறவர் திட்டமாட்டார், காரணம் அந்த வாசலில் அவரும் நின்றவர். 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வாரஇதழ் கட்டுரை வெளியிட்டபோது சுமார் 2,000 பேராக இருந்தவர்கள், ஆண்டு முடிவில் 8,000 பேர்.

அந்த வளர்ச்சியே ஆபத்தாகியிருக்கலாம். 1840-இல் பால்டிமோர் நகரத்துச் சாராயக்கடையில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய 'வாஷிங்டோனியன்' இயக்கம் இதே வழியில் ஏராளமானோரை மீட்டது. ஆபிரகாம் லிங்கன் 1842-இல் அவர்கள் கூட்டத்தில் பேசியிருக்கிறார். மேடைப் புகழிலும் மதுவிலக்கு அரசியலிலும் இழுபட்டுச் சில வருடங்களில் அது கரைந்துபோனது. பில் அந்த வரலாற்றைப் படித்தார். 1946-இல் வெளியிட்டு 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் அதன் பாடம் இருக்கிறது: மதுவிலக்கு உட்பட எந்தப் பொது விவகாரத்திலும் கருத்தில்லை, பத்திரிகையில் முழுப்பெயர் இல்லை, உறுப்பினராகத் தேவை குடியை விடும் விருப்பம் மட்டுமே.

குடும்பங்களுக்கான கதவு தாமதமாகத்தான் திறந்தது. பில் தெளிந்த பிறகும் லோயிஸுக்கு நிம்மதி வரவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிறது, கிளம்பு என்று ஒருநாள் பில் சொன்னபோது, இந்தப் பாழாய்ப்போன கூட்டம் என்று லோயிஸ் கத்திச் செருப்பை எறிந்தார். இத்தனை வருடம் தாங்கியும் தன்னால் முடியாததை யாரோ வெளியார் செய்துவிட்டார்கள் என்ற வலி அது. தனக்கும் துணை தேவை என்று கண்டுகொண்ட அவர் 1951-இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனானைத் தொடங்கினார். 1953-இல் தென் கலிஃபோர்னியாவில் போதைப்பொருளிலிருந்து மீள்கிறவர்களுக்காக நார்காட்டிக்ஸ் அனானிமஸ் பிறந்தது.

இது எல்லோருக்கும் பலிக்கிறதா? இல்லை. பில்லிடம் செய்தியைக் கொண்டுவந்த எபியே திரும்பத் திரும்பச் சறுக்கினார். பில் கடைசிவரை அவரைத் தன் ஸ்பான்சர் என்றே அழைத்தார், செலவுக்கும் கொடுத்துவந்தார். 1966-இல் இறந்தபோது எபி இரண்டு வருடத்துக்கு மேலாகக் குடிக்காதிருந்தார். பில்லும் நுரையீரல் நோயில் படுத்த கடைசி வாரங்களில் விஸ்கி கேட்டதாக நர்சின் குறிப்புகள் சொல்கின்றன. குடியை விட்டு முப்பத்தாறு வருடம் கழித்து! அவருக்கு யாரும் அதைக் கொடுத்ததாகப் பதிவில்லை. 1971 ஜனவரியில் இறந்தார். குடியை விட்டவர்களை 'இன்னுமா கூட்டத்துக்குப் போகணும்?' என்று கேட்கிற உறவினர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் வெகுகாலம் ஏஏ-யைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு, சேர்த்துப் பரிசீலித்தது. ஓராண்டு முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள், முறையாக ஏஏ-க்கு வழிநடத்தும் சிகிச்சையில் 42 சதவீதம், பிற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். கூட்டம் இருக்கிறதே என்று மருந்தை ஒதுக்குவது தவறு. ஹெராயின், வலிநிவாரணி மாத்திரை போன்ற ஓபியாய்டு போதைகளுக்கு ப்யூப்ரனார்ஃபின், மெத்தடோன் உயிர் காக்கும் மருந்துகள். அவற்றை எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கும் போகலாம். கடுமையாகக் குடிப்பவர் மருத்துவர் இல்லாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரலாம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் 1979-இல் கணவரை இழந்த பின், 1980-இல் டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். டிடிகே மருத்துவமனை என்று மக்கள் அறிந்தது. குடிப்பவரின் மனைவிக்கும் சிகிச்சையில் இடம் உண்டு என்று இங்கே நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழில் பகிர்வு நடக்கும் ஏஏ கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில், பெரும்பாலும் மாலை வேளையில், பள்ளிக்கூட அறைகளிலும் தேவாலய வளாகங்களிலும் கூடுகின்றன. கட்டணமில்லை, யாரும் முகவரி கேட்பதில்லை. வீட்டாருக்கு அல்-அனான் தனியாக உண்டு. மறுவாழ்வு மையத்திலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் மருந்துச்சீட்டோடு இதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நம் வீட்டுக்குப் பக்கத்தில் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, முதல் நாள் இவரைக் கூட்டிப்போக யார் வருவார்.